சொல்லிச் செய்த அலுமாரியும் இரத்தினபுரி மழையும்

எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, எஹலியகொடைப் பக்கத்துத் தச்சுப் பட்டறைகளில் அலுமாரிக்கு ஓர்டர் கொடுக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

“ஆசாரி அண்ணே, வைரம் பாஞ்ச பலாவுல செஞ்சு தரணும். வைகாசியில மகளுக்குக் கல்யாணம்.”

“மரம் வந்து கெடக்கு தங்கச்சி. மூணு கிழமையில முடிச்சுத் தர்றேன். அட்வான்ஸ் மட்டும் இன்னைக்குக் குடுத்துட்டுப் போங்க.”

மரம் எது, அட்வான்ஸ் எப்போது, அலுமாரி எப்போது கிடைக்கும் என்ற மூன்றும் பேசி முடிந்துவிட்டன. அந்த அலுமாரி பத்து வருடம் கழித்தும் கதவு சரியாகப் பூட்டும்படி இருக்குமா என்பதைத் தீர்மானிக்கும் கேள்வி மட்டும் எழவே இல்லை. பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கும் அந்தப் பலகைக்குள் இப்போது எவ்வளவு தண்ணீர் இருக்கிறது?

சப்ரகமுவவில் இது சில்லறைக் கேள்வி இல்லை. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை விழுகிறது. வைகாசியில் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் துணி காய நாலு நாள் பிடிக்கும் ஊர். துணிக்கே அந்தக் கதி என்றால், மரக்காலையில் அறுத்து லொறியில் வந்து இறங்கிய ஒன்றரை அங்குலப் பலகைக்கு மூன்று கிழமை எந்த மூலைக்குப் போதும்?

மரத்துக்குள் தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கிறது. மரம் என்பது நுண்ணிய குழல்களின் கட்டு. அந்தக் குழல்களின் பொந்துக்குள் நிற்பது ஒரு தண்ணீர். குழல்களின் சுவருக்குள்ளேயே ஊறிப் பிடித்திருப்பது இன்னொன்று. வெட்டிய மரத்திலிருந்து முதலில் வெளியேறுவது பொந்துத் தண்ணீர். அது போகும்போது பலகையின் எடை குறையும், அளவு மாறாது. காய்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டு ஈரம் ஏறத்தாழ 28 முதல் 30 சதவீதத்துக்கு இறங்கும்போது பொந்துகள் காலியாகின்றன. அதற்குப் பிறகு போவதெல்லாம் சுவர்த் தண்ணீர். அது போகப் போகச் சுவர் மெலிகிறது, பலகை சுருங்குகிறது. “ஆறு மாசம் முன்னால அறுத்த பலகைதான், ஒரு நூல்கூடச் சுருங்கலை” என்று ஒரு தச்சர் பெருமையாகச் சொன்னால் அதற்கு இரண்டு பொருள் உண்டு. அது முழுதும் காய்ந்து அடங்கிய பலகையாக இருக்கலாம். காயவே தொடங்காத பலகையாகவும் இருக்கலாம்.

சுருக்கம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வருவதும் இல்லை. ஈர்க்குக் கட்டு காய்ந்தால் கட்டு தளருமே தவிர ஈர்க்கின் நீளம் குறையாது, மரமும் அப்படித்தான். நீளவாட்டில் சுருக்கம் பெரும்பாலும் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். அகலவாட்டில்தான் வம்பு. அதிலும் அடிமரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் குறைவாகவும், வளையங்களை ஒட்டிய சுற்றுத் திசையில் ஏறத்தாழ இரு மடங்காகவும் சுருங்கும். தேக்கில் பச்சை நிலையிலிருந்து எலும்பாகக் காயும்வரை முதல் திசையில் சுமார் 2.5 சதவீதம், இரண்டாவது திசையில் சுமார் 5.8 சதவீதம். இந்த இரண்டுக்கும் உள்ள இழுபறியால்தான் பலகை ஒரு பக்கமாகக் குழிந்து வளைகிறது. மகோகனியில் இந்த எண்கள் சுமார் 3.0, 4.1. வித்தியாசம் சிறியது, அதனால்தான் தச்சர்கள் அதைச் ‘சொன்ன பேச்சைக் கேட்கும் மரம்’ என்கிறார்கள்.

மூன்றடி அகல மேசைத் தட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தேக்குப் பலகைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டிச் செய்தது. செய்யும்போது ஈரம் 25 சதவீதம். வீட்டுக்கு வந்து 16 சதவீதத்துக்கு இறங்கினால், சுற்றுத் திசைக் கணக்கில் அந்தத் தட்டு ஏறத்தாழ 17 மில்லிமீற்றர் சுருங்க வேண்டும். அரை அங்குலத்துக்கும் கூடுதல். அடியிலுள்ள சட்டத்தில் இறுக்கமாக ஆணி அடித்திருந்தால் அது எங்கே சுருங்கும்? வெடிக்கும். நள்ளிரவில் பட்டென்று ஒரு சத்தம் கேட்டு, விடிந்து பார்த்தால் நடுவில் கீறல் ஓடியிருக்கும். அதற்குப் பசையைக் குறை சொல்வார்கள், கண்திருஷ்டியையும் குறை சொல்வார்கள்.

அந்த 16 சதவீதம் எங்கிருந்து வந்தது? மரம் சுற்றியுள்ள காற்றோடு எப்போதும் கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிறது. நம் வெப்பநிலையில் காற்றின் ஈரப்பதன் 80 சதவீதமாக இருந்தால் மரம் ஏறத்தாழ 16 சதவீத ஈரத்தில் நிலைகொள்ளும். 65 சதவீதமாக இருந்தால் சுமார் 12. குளிரூட்டிய அறையின் 50 சதவீதத்தில் சுமார் 9. ஆகவே ‘நன்றாகக் காய்ந்த மரம்’ என்று பொதுவாக ஒன்று கிடையாது. இரத்தினபுரி வீட்டுக்கு 15, 16 சதவீதம் சரியான காய்ச்சல். அதே கட்டிலைக் கொழும்பில் ஏசி போட்ட மாடி வீட்டுக்குக் கொண்டுபோனால் அது அங்கே மறுபடி காயத் தொடங்கும். பொருத்துகள் ஆடும், கதவுப் பலகை இடைவெளி விடும். தச்சர் செய்த பிழை எதுவும் இருக்காது. எந்த ஊருக்குப் போகிற சாமான் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பழைய ஆட்கள் செய்த கதவுகளைக் கூர்ந்து பாருங்கள். சுற்றிலும் சட்டம், நடுவில் பலகை. சட்டத்தின் உட்புறம் வரிப்பள்ளம் வெட்டி அதற்குள் பலகையைச் செருகியிருப்பார்கள். பசை போட மாட்டார்கள், ஆணி அடிக்க மாட்டார்கள். மழைக்காலத்தில் பலகை அந்தப் பள்ளத்துக்குள் விரியும், மாசி வெயிலில் உள்ளே ஒடுங்கும். சட்டத்தின் நீளம் மாறாததால் கதவின் வெளி அளவு மாறாது. பதினாறு அங்குலத் தேக்குப் பலகை ஒன்று பருவத்துக்குப் பருவம் மூன்று சதவீத ஈரம் ஏறி இறங்கினால் இரண்டரை மில்லிமீற்றர் நகரும். பள்ளத்தில் அந்த இடத்தை விட்டு வைப்பதுதான் கைத்திறன். பழைய கதவில் பலகை ஓரத்தில் பொலிஷ் படாத மெல்லிய வெளிர் கோடு ஒன்று வெயில் காலத்தில் தெரிந்தால் அது பழுது இல்லை; பலகை தன் இடத்தில் சுதந்திரமாக நகர்கிறது என்பதற்கான சாட்சி. மழையில் லாச்சி இறுகுவதும் இதே கணக்குத்தான். ஐப்பசியில் இறுகுகிற லாச்சியைச் சீவுளியால் இழைத்துவிட்டால் மாசியில் அது ‘கடகட’வென ஆடும். பொறுத்திருப்பது நல்லது.

ஈரத்தை அளக்க மின்தடை மானி இருக்கிறது. இரண்டு ஊசிகளைப் பலகையில் குத்தினால், ஈரம் குறையக் குறைய மின்சாரம் ஓடுவது கடினமாவதை வைத்து எண்ணைக் காட்டும். பெரிய மரக்காலைகளில் இருக்கும். ஊர்ப் பட்டறையில் எதிர்பார்க்க முடியாது. அதற்குப் பதில் ஒரு துண்டு கேட்டு வாங்கலாம். உங்கள் அலுமாரிக்கு ஒதுக்கிய பலகையிலிருந்து வெட்டிய துண்டு. பலகையின் நுனியிலிருந்து வேண்டாம், நுனி எப்போதும் முதலில் காய்ந்துவிடும், ஒரு முழமாவது உள்ளே தள்ளி எடுக்க வேண்டும். அதைக் கடைத் தராசில் நிறுத்து எடையை அதன் மேலேயே எழுதி, அலுமாரி நிற்கப்போகும் காம்பராவிலேயே வைத்துவிடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை நிறுத்தால் போதும். எடை அசையாமல் நின்றால் பலகை உங்கள் வீட்டுக் காற்றுக்குப் பழகிவிட்டது. 30 சதவீத ஈரத்தில் 500 கிராம் இருந்த துண்டு 15 சதவீதத்துக்கு வரும்போது ஏறத்தாழ 442 கிராம்தான் இருக்கும். 58 கிராம் குறைவதைச் சாதாரணத் தராசே காட்டிக் கொடுத்துவிடும். சரியான சதவீதம் தெரிய வேண்டுமென்றால் ஆய்வுகூடத்தில் 103 பாகை வெப்பத்தில் எடை நிற்கும்வரை காயவைத்து நிறுக்க வேண்டும். நமக்கு அவ்வளவு தேவையில்லை.

இங்குள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் தளபாடத்தைக் கடையில் வாங்காமல் சொல்லிச் செய்விப்பதற்கு ரசனையைவிட இடமே பெரிய காரணம். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பரா. கூரை ஒரு பக்கம் சரிந்து வரும். சுவரோரம் ஆறரை அடி அலுமாரி நிமிர்ந்து நிற்காது. வாசல் குறுகியது. கண்காட்சிக் கூடத்தில் பார்த்து வாங்கிய மூன்று கதவு அலுமாரியை வாசலில் நுழைக்க முடியாமல் திண்ணையில் வைத்து மழைக்குத் தறப்பாள் போர்த்திய கதை ஏறக்குறைய எல்லாத் தோட்டத்திலும் உண்டு. பாகம் பாகமாகக் கழற்றி உள்ளே வைத்து போல்ட் போட்டு இறுக்கும்படி செய்யச் சொன்னால் அந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று சுவர். பழைய லயங்களின் கற்சுவரும் மண்சுவரும் நிலத்து ஈரத்தை அடியிலிருந்து உறிஞ்சி மேலே ஏற்றும். அந்தச் சுவரோடு ஒட்டி நிற்கும் அலுமாரியின் முதுகு 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் பிடித்தால் பூஞ்சைக்கு விருந்து. நாலங்குலக் கால், சுவருக்கும் முதுகுக்கும் இடையில் இரண்டங்குல இடைவெளி, முதுகுப் பக்கத்துக்கும் ஒரு பூச்சு. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மிச்சம் பிடிக்கிறார்கள். முன்பக்கம் கண்ணாடியாய் மின்னும், பின்பக்கம் பச்சை மரம். பொலிஷ் ஈரத்தைத் தடுப்பதில்லை, மெதுவாக்குகிறது. ஒரு பக்கம் மெதுவாகவும் மறுபக்கம் வேகமாகவும் ஈரம் ஏறினால் பலகை வளையாமல் என்ன செய்யும்?

இனி எந்த மரம் என்ற கேள்விக்கு வரலாம். பலாவுக்கு இருக்கும் மதிப்பு வீண் இல்லை. அதன் வைரப் பகுதியில் மோரின் என்ற மஞ்சள் நிறப்பொருளும் அதன் இனத்துச் சேர்மங்களும் இருக்கின்றன. பௌத்த பிக்குகளின் சீவரத்துக்குச் சாயம் காய்ச்சியது பலாச் சீவலில்தான். மரம் உயிரோடு இருக்கும்போதே நடுப்பகுதிக் கலங்கள் செத்து, தம்மிடமிருந்த மாவுச்சத்தைச் செலவழித்து, பூச்சிக்கும் பூஞ்சைக்கும் ஒவ்வாத இப்படியான பொருட்களை அங்கே நிரப்பிவிட்டுப் போகின்றன. வைரம் பாய்தல் என்பது அதுதான். அதனால் கறையான் பலா வைரத்தை எளிதில் தொடாது. அதே பலாவின் வெளி வெள்ளைப் பகுதியைத் தின்றுவிடும். ‘பலா மரம்’ என்று காசு கொடுத்து, பாதி வெள்ளை கலந்த பலகையை வாங்கினால் பாதிப் பாதுகாப்புத்தான்.

ஆனால் பலாவைத் தோட்டத்து ஆட்கள் பெறுவது லேசில்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆர்தர் வி. டயஸ் ஊர் ஊராகப் பலாக்கன்று நடச் சொல்லி இயக்கமே நடத்தி ‘கொஸ் மாமா’ (பலா மாமா) என்று பெயரெடுத்தார். சோற்றுக்கு மாற்றான மரம் என்பதால் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலாவையும் ஈரப்பலாவையும் அனுமதியில்லாமல் வெட்டத் தடை போட்டது. நல்ல சட்டம்தான். ஆனால் லயத்துக்குப் பின்னால் தாத்தா நட்ட பலாவின் நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம், மரமும் தோட்டத்துக்குச் சொந்தம். பலாக்காய் பறித்துக் கறி வைக்கலாம். அதே மரம் காற்றில் விழுந்தால் பலகை யாருக்கு என்பது துரையைக் கேட்க வேண்டிய விஷயம்.

சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்பது வேறு மரம். கேகாலையிலும் இரத்தினபுரியின் தாழ்வான பகுதிகளிலும் அதிகாலையில் பால் வெட்டப் போகிறவர்கள் தினமும் தொடும் இறப்பர். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, ஏறத்தாழ 2,000 கன்றுகளாக அதே ஆண்டில் இலங்கைக்கு வந்து கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் நடப்பட்டன. முப்பது வருடம் பால் கொடுத்த பிறகு மரம் பிடுங்கப்படும். பிடுங்கிய மரம் நெடுங்காலம் தேயிலைத் தொழிற்சாலை அடுப்புக்கும் செங்கல் சூளைக்கும்தான் போனது. “அது வெறகு மரம், அதுல யாராவது கட்டில் செய்வாங்களா” என்பது இன்றும் கேட்கும் பேச்சு.

அந்தப் பேச்சில் அனுபவ உண்மை இருக்கிறது. இறப்பருக்குத் தெளிவான வைரமே கிடையாது. அடிமரம் முழுக்க வெள்ளை. அதில் எடைக்கு ஏறத்தாழ பத்து சதவீதம்வரை மாவுச்சத்து, கூடவே சர்க்கரை. உளுவண்டு தேடுவது சரியாக இதைத்தான். சில மில்லிமீற்றர் நீளமே உள்ள பெண் வண்டு முதலில் மரத்தைக் கொறித்து ருசி பார்க்கும். மாவு இருந்தால், பலகைப் பரப்பில் திறந்திருக்கும் குழல் வாய்க்குள் முட்டையைச் செருகிவிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, மாதங்கள் கழித்து வண்டாகி, ஒன்றிரண்டு மில்லிமீற்றர் ஓட்டை போட்டு வெளியே வரும். கட்டிலுக்கு அடியில் கோதுமை மாப் போலக் குவிந்திருப்பதைக் காணும்போது வேலை முடிந்திருக்கும். வார்னிஷ் பூசினால் குழல் வாய் அடைபட்டுப் புதிய முட்டை விழாது. ஏற்கனவே உள்ளே இருப்பது வார்னிஷையும் துளைத்துக்கொண்டு வரும். இதற்கெல்லாம் முந்திவிடுகிறது இன்னொரு ஆள்: வெட்டிய ஓரிரு நாளில் ஈர மரத்தில் பரவி நீலக்கறுப்புக் கறை போடும் பூஞ்சை.

தீர்வு எளிய இரசாயனம். வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த தண்ணீர். அறுத்த உடனே, மரம் ஈரமாக இருக்கும்போதே இதைச் செலுத்த வேண்டும். பெரிய ஆலைகளில் பலகைகளை இரும்பு உருளைக்குள் அடுக்கி, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அழுத்தத்தோடு கரைசலை உள்ளே தள்ளுவார்கள். சிறிய இடங்களில் தொட்டியில் ஊறவைத்து, பிறகு மூடி அடுக்கி வைத்தால் மரத்துக்குள் இருக்கும் தண்ணீரே வழியாகிப் போரான் உள்ளே நகரும். இங்கே மட்டும் ஈரம் நமக்குத் துணை. பிறகு சூளையில் ஒன்றிரண்டு வாரம் காய்ச்சல். 1980களில் மலேசியா இதைத் தொழிலாக்கி இறப்பர் மரத் தளபாடத்தை உலகச் சந்தைக்கு அனுப்பத் தொடங்கியது. மரம் வெளிர் நிறம், ஓரளவு கெட்டி, இழைக்க இலகு. பால் வெட்டிய தழும்பும் குட்டையான அடிமரமும் நீளப் பலகைக்கு இடம் கொடுக்காததால், சிறு துண்டுகளை விரல்களைக் கோத்ததுபோலப் பல்வெட்டிப் பொருத்தி ஒட்டுவார்கள். அப்படிக் கோத்த தட்டு, ஒரே அகலப் பலகையைவிட அடக்கமாக நடந்துகொள்ளும் என்பது என் எண்ணம். துண்டுகளின் இழுப்பு ஒன்றையொன்று தணித்துவிடுகிறது.

போரான் ஏறியதா என்று பார்க்கும் சோதனையைக் கேட்டால் நம் சமையலறை ஞாபகம் வரும். மஞ்சள்தூளை மதுசாரத்தில் ஊறவைத்து எடுத்த சாறு, அதோடு ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த கரைசல். பலகையைக் குறுக்கே வெட்டி இரண்டையும் பூசினால், போரான் உள்ள இடம் சிவக்கும். இல்லாத இடம் மஞ்சளாகவே நிற்கும். ஆரத்தித் தண்ணீரில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்து சிவப்பது காரத்தன்மையால். வெண்காரமும் காரம்தான், ஆகவே அமிலம் சேர்க்காமல் பூசினால் ஏமாற இடமுண்டு. அமிலம் சேர்த்ததும் காரச் சிவப்பு அழிந்துவிடும். மஞ்சளிலுள்ள குர்குமினும் போரானும் கூடி உண்டாக்கும் சிவப்பு மட்டும் மிஞ்சும். சிவப்பு வெறும் ஓரத்தில் வரி போல நின்றால், மேலோட்டமாக முக்கி எடுத்த பலகை. நடுவரை சிவந்தால் நம்பி வாங்கலாம். போரான் தண்ணீரில் கரையும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. திண்ணை ஓரம் மழைச்சாரல் படும் வாங்குக்கு இறப்பர் மரம் ஆகாது. கட்டிலுக்கும் அலுமாரிக்கும் ஆகும்.

பழைய வழக்கங்களில் ஒன்று இங்கே நினைக்கத்தக்கது. வெட்டிய மரத்தையும் மூங்கிலையும் மாதக்கணக்கில் ஆற்றுத் தண்ணீரிலோ சேற்றிலோ அமிழ்த்தி வைப்பார்கள். நாற்றம் பிடிக்கும், ஆனால் சர்க்கரையும் மாவும் கரைந்தும் நொதித்தும் போவதால் உளுவண்டுக்கு உள்ளே சாப்பாடு குறையும். தேய்பிறையில் வெட்ட வேண்டும் என்பதைப் பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. மரத்தின் மாவுக் கையிருப்பு நிலவைவிடப் பருவத்தைப் பின்பற்றுகிறது.

சிப்போர்டு மலிவு, பார்க்கவும் அழகு. களுகங்கை பெருகும் பகுதிகளில் அதை வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். 2003 மே, 2017 மே வெள்ளங்களைக் கண்ட இரத்தினபுரியில் இது கற்பனைக் கவலை இல்லை. மரத்தூளை அழுத்தி ஒட்டிய அந்தப் பலகை ஒருமுறை ஊறினால் ரொட்டியாக உப்பும். காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது, திருகாணி பிடிக்காது. முழு மரம் வெள்ளத்தில் நனைந்தாலும், நிழலில் மெதுவாகக் காயவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். வெயிலில் தூக்கிப் போட்டால் பிளந்துவிடும்.

வைகாசிக் கல்யாணத்துக்கு அலுமாரி வேண்டுமென்றால் தை பிறந்ததும் பட்டறைக்குப் போய்விட வேண்டும். தையும் மாசியும்தான் சப்ரகமுவவில் மழை குறைந்த மாதங்கள். அப்போது பலகையைக் கூரைக்கு அடியில், குறுக்குக் குச்சிகள் வைத்துக் காற்றுப் போக அடுக்கி, நுனிகளில் பெயின்ட் பூசி வைத்தால் பங்குனி முடிவதற்குள் ஒரு அங்குலப் பலகை இந்த ஊர் வீட்டுக்கு ஏற்ற அளவை நெருங்கும். அட்வான்ஸை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம்: மரம் வாங்க ஒரு பங்கு, துண்டின் எடை நின்ற பிறகு வேலை தொடங்க இன்னொரு பங்கு. இப்படிக் கேட்டால் எந்த ஆசாரியும் முதலில் சிரிப்பார். சில பேர் “தங்கச்சி, இதெல்லாம் எங்க அப்பா காலத்துல கேப்பாங்க” என்பார்கள். அப்படிச் சொல்கிற ஆளிடம் வேலையைக் கொடுக்கலாம். ஓர்டர் கொடுக்கும் முன் காம்பரா வாசலையும் மறக்க வேண்டாம்: அகலத்தை அளக்கும்போது நிலையின் உட்பக்க அளவை எடுங்கள். கதவு முழுதும் திறக்காமல் கீல் தடுத்தால் அதையும் கழித்துச் சொல்லுங்கள்.